ஓர் ஆளுக்கு ஓர் அடையாளம்

செப்டம்பர் 4, திங்கள்

காலையில் எட்வின் சார் அறைக்குக் கூப்பிட்டார். டொமைன் பதிவுக்கான உலகத் தரநிலைக் குழுவில் எங்கள் கம்பெனி சார்பில் பேசிவந்த வரதராஜன் வேலையை விட்டுப் போய்விட்டதால், இனி நான் பேசவேண்டுமாம். வாரம் ஒரு கூட்டம். செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு, கம்ப்யூட்டரில்தான். சரி என்றேன். ஆறரை என்பதுதான் யோசனை.

வீட்டில் சொல்வதற்கு ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். கடைக்கோ பள்ளிக்கோ கல்யாண மண்டபத்துக்கோ இணையத்தில் ஒரு பெயர் வாங்குகிறார்கள். அதுதான் டொமைன். அதைப் பதிவு செய்து கொடுப்பது எங்கள் தொழில். வாங்குகிறவருக்கு ஓர் ஐடி போடுவோம். அந்த ஐடி எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்று பல நாட்டுக் கம்பெனிகள் கூடிப் பேசி விதி எழுதுகின்றன. பேசி முடிக்க ஏழரை ஆகும். எட்டேகாலுக்குள் வந்துவிடுவேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுத்தான் போவேன்.

கடைசி வரியை முதலில் சொல்லவேண்டும்.

இந்த நோட்டு ஆபீஸ் டிராயரிலேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

முதல் கூட்டம். தலைவர் இங்கெர், நார்வேக்காரர், நிதானமாகப் பேசுகிற அம்மாள். மாதக்கணக்காக ஒரே சண்டைதான். ஒரு பக்கத்தார், ஓர் ஆள் எத்தனை டொமைன் வாங்கினாலும் அவருக்கு ஒரே ஐடி, அதைப் பார்த்ததும் இன்னார் என்று கொஞ்சமாவது விளங்கவேண்டும் என்கிறார்கள். மறுபக்கத்தார், ஐடி அர்த்தமில்லாத எழுத்துகளாக, ஒவ்வொரு டொமைனுக்கும் வேறு வேறாக இருக்கவேண்டும் என்கிறார்கள். எங்கள் கம்பெனி முதல் பக்கம். எங்கள் ஐடியில் முதலில் அப்பா பெயர் அல்லது கணவர் பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயரின் மூன்று எழுத்து, ஊரின் குறி, கடைசியில் எண். கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் நன்றாகப் பேசியவர் லாகோஸிலிருந்து அடேயெமி. போலி வங்கித் தளங்களைப் பிடிப்பது அவர் வேலை. ஒரு திருடன் நாற்பது தளம் வைத்திருப்பான், ஒன்றைப் பிடித்தால் ஐடியை வைத்து மற்றதையும் பிடித்துவிடலாம், ஐடி மாறிக்கொண்டே இருந்தால் நான் எதை வைத்துத் தேடுவது என்று கேட்டார். நியாயம்தான்.

வேளச்சேரி ரயில் ஸ்டேஷன் வாசலில் என் வீட்டுக்காரர் தயாளன் நின்றிருந்தார். வருவதாகச் சொல்லவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

கேஸ் புக் பண்ணவேண்டும். வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 13, புதன்

எங்கள் தரப்பு வாதத்தை ஒரு பகுதியாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். ‘ஓர் ஆளுக்கு ஓர் அடையாளம்’ என்று தலைப்பு. ஒருவரை ஒருமுறை அறிந்தால் எங்கும் அறியலாம், நம்பிக்கை என்பது தொடர்ச்சியிலிருந்து வருகிறது என்றெல்லாம் வருகிறது. நேற்றுக் கூட்டத்தில் அடேயெமி அதைப் பாராட்டினார். எட்வின் சார் எல்லோருக்கும் மெயில் போட்டுப் பாராட்டினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டேன். உப்பு இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கூட்டத்தில் எத்தனை பேர், அதில் ஆண்கள் எத்தனை என்று தயாளன் கேட்டார். சொன்னேன். என்னைப் பாராட்டியவர் யார் என்று கேட்டார். நான் பாராட்டைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. லேப்டாப்பில் மெயில் திறந்தபடி இருந்திருக்கவேண்டும். “சும்மாதான் கேட்டேன். எதுக்கு மூஞ்சி அப்படிப் போகுது” என்றார். மூஞ்சி எப்படிப் போனது என்று தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது வழக்கம்போலத்தான் இருந்தது.

செப்டம்பர் 20, புதன்

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. பிள்ளையார் சதுர்த்தி அன்று கதவு இடித்துவிட்டது. இடது கையால் டைப் அடித்ததில் வேலை பாதிதான் முடிந்தது. நசீமா பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். கதவு என்றேன். எங்கள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவை இருபது வருஷமாக நடத்துகிறவர் அவர். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் கதையைப் போனில் கேட்கிறவர். மறுபடி கேட்கவில்லை. மதியம் என் மேசையில் ஒரு வலி மருந்து ட்யூப் இருந்தது.

நேற்றுக் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து சேர்ந்தேன். தயாளன் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பேச வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 27, புதன்

நசீமா ஒரு புகாரைக் கொண்டுவந்து, இதை நீங்கள்தான் படிக்கவேண்டும் என்றார்.

செல்வராணி என்கிற பெண். ஓசூரில் கணவரோடு இருந்தபோது தையல் வகுப்புக்காக ஒரு டொமைன் வாங்கியிருக்கிறார். இரண்டு வருஷம் முன்னால் அந்த வீட்டை விட்டு ஓடி வந்துவிட்டார். வேறு ஊர், வேறு போன், மீன்தொட்டி வியாபாரம். சண்டை மீன் என்று தனித்தனியாகப் பாட்டிலில் வைத்து விற்பார்களே, அதை வளர்த்து கூரியரில் அனுப்புகிறார். அதற்காக இன்னொரு டொமைன் வாங்கினார். பழைய மெயில் கணக்கிலேயே வாங்கியதால் எங்கள் சிஸ்டம் பழைய ஐடியையே போட்டது. அப்படிப் போடவேண்டும் என்பதுதான் விதி.

டொமைன் யாருடையது என்று எவரும் தேடிப் பார்க்கலாம். இப்போதெல்லாம் பெயர், முகவரி, போன் எதையும் காட்டுவதில்லை, மறைத்துவிடுகிறோம். ஐடியை மட்டும் மறைப்பதில்லை. கணவர் பழைய தையல் டொமைனைத் தேடி, அந்த ஐடியை எடுத்து, இந்த ஐடி வேறு எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். அப்படித் திரட்டி வைத்துத் தேடவிடும் தளங்கள் இருக்கின்றன. மீன் கடை கிடைத்தது. வேறு பெயரில் இரண்டு மீன் ஆர்டர் செய்தார். பார்சலின் மேல் அனுப்பியவர் முகவரி இருந்தது.

அங்கே போய்த் தொட்டிகளையெல்லாம் உடைத்திருக்கிறார். கண்ணாடி கிழித்துச் செல்வராணியின் இடது கையில் நரம்பு அறுந்துவிட்டது. இரண்டு விரல் மடங்கவில்லையாம்.

படித்து முடித்து நசீமாவிடம் திருப்பிக் கொடுத்தேன். “என்ன தோணுது?” என்று கேட்டார். சிஸ்டம் விதிப்படிதான் வேலை செய்திருக்கிறது என்றேன். அவர் தாளை மடித்துக்கொண்டு போனார்.

மறக்காமல் மோட்டார் ரிப்பேர்காரருக்குப் போன் செய்யவேண்டும்.

செப்டம்பர் 29, வெள்ளி

அந்தப் புகாருக்குத் தொழில்நுட்ப விளக்கம் நான் எழுதவேண்டும் என்று எட்வின் சார் சொன்னார். எழுதினேன். வாடிக்கையாளரின் பெயரோ முகவரியோ எங்கள் வழியாக வெளியாகவில்லை. ஐடி என்பது ஒரு குறியீடு மட்டுமே, தனிப்பட்ட தகவல் அல்ல. கச்சிதமாக இருக்கிறது என்றார் சார். வக்கீலும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அக்டோபர் 4, புதன்

செல்வராணி உதவிப் பிரிவுக்குப் போன் செய்து, அந்தக் கடிதத்தை எழுதியவரிடம் பேசவேண்டும் என்று நின்றிருக்கிறார். நசீமா என்னைக் கேட்காமலே இணைப்பைக் கொடுத்துவிட்டார். ஏதோ பேருந்து நிலையத்தில் நின்று பேசுகிற மாதிரி சத்தம்.

கத்தவில்லை, அழவில்லை. கடிதம் வந்தது, ஒரு இடம் மட்டும் புரியவில்லை என்றார்.

“மேடம், அந்த ஐடில என் பேரு இருக்குதா இல்லீங்களா?”

முதல் மூன்று எழுத்து இருக்கிறது என்றேன்.

“அதுக்கு முன்னாடி ஒரு எழுத்து இருக்குதே, M. அது மகேந்திரன். அவரு பேருங்க. ஓசூரும் அதுல இருக்குது. நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன் மேடம். கட்டுன துணியோட வந்தேன். இது மட்டும் கூடவே வந்திருக்குது, எனக்கே தெரியல. என்னுது இல்லன்னா இது பின்ன யாருதுங்க?”

அது எங்கள் பழைய விதி என்றேன். அவர் தன் பாட்டுக்குப் பேசினார். முதலில் அந்த ஆள் கை ஓங்கியதே இல்லையாம். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், ஏன் பத்து நிமிஷம் தாமதம், இதுமட்டும்தான் கேட்பாராம். அக்கறையாகத்தான் கேட்பாராம். தங்கச்சியோடு பேசுவது நின்றது, பிறகு அம்மாவோடு பேசுவது நின்றது, எப்போது நின்றது என்றே தனக்குத் தெரியவில்லை என்றார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது மேசைமேல் என் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. தயாளன். தினமும் மூன்று மணிக்குக் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் எடுக்கும்வரை கூப்பிடுவார்.

செல்வராணி சட்டென்று நிறுத்தி, “நீங்க அந்தப் போனை எடுங்க மேடம். நான் வச்சிடறேன்” என்றார்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, வியாழன்

இந்துமதியோடு கடைசியாக எப்போது பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் பெங்களூரில்தான் இருக்கிறாள். என் கூடப் பிறந்தவள். ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 11, புதன்

மதியம் வேலை குறைவு. செல்வராணியின் ஐடியை நானே தேடிப் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் மீன் கடை வந்துவிட்டது. முகப்பில் நீலமும் சிவப்புமாக ஒரு மீன், துடுப்பை விரித்துக்கொண்டு. ‘தற்போது விற்பனை இல்லை’ என்று போட்டிருந்தது.

பிறகு எங்கள் பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வேறு சில ஐடிகளை எடுத்துத் தேடினேன். ஒருவர் பள்ளி ஆசிரியர் போலிருக்கிறது, கூடவே நாத்திகக் கட்டுரைகள் எழுதும் தளம் ஒன்றும் வைத்திருக்கிறார், புனைபெயரில். இன்னொருவர் குழந்தையின் சிகிச்சைக்கு உதவி கேட்டு ஒரு தளம் வைத்திருக்கிறார். வேலை தேடும் விவரங்களுக்கு இன்னொரு தளம். எல்லோரும் மறைக்க வேண்டியதை மறைத்துத்தான் இருக்கிறார்கள். நாங்கள் ஒரு நூலால் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

நேற்றுக் கூட்டத்தில், மாதக் கடைசியில் முடிவெடுப்பது என்று இங்கெர் அறிவித்தார். நான் வாயே திறக்கவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

எட்வின் சாரிடம் சொன்னேன். ஐடியை அர்த்தமில்லாததாக, டொமைனுக்கு ஒன்றாக மாற்றவேண்டும், குழுவில் நம் நிலையையும் மாற்றிக்கொள்ளவேண்டும் என்றேன். தேடிப் பார்த்ததைக் காட்டினேன்.

அவர் கெட்டவர் இல்லை. முழுதும் பார்த்தார். அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார். பிறகு சொன்னார், எங்களிடமிருந்து வாங்கி விற்கும் முகவர்கள் எல்லோருடைய சிஸ்டமும் பழைய வடிவத்தை நம்பி நிற்கிறது, போலீஸ் கேட்டால் ஒரே ஐடியைக் கொடுத்துவிட்டு நாம் தூங்கலாம், மாற்றினால் பழைய வடிவம் தப்பு என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், வக்கீல் விடமாட்டார்.

“பிரபா, நம்பர் குடுக்கிறதுதான் நம்ம வேலை. அதை வச்சு எவன் என்ன பண்றான்னு பார்க்கிறது நம்ம வேலை இல்லம்மா. கூட்டத்துல நீங்க எழுதினதையே பேசுங்க. நல்லாத்தானே எழுதியிருந்தீங்க.”

சரி சார் என்றேன். சரி என்பது என் வாயிலிருந்து தானாக வருகிறது.

அக்டோபர் 20, வெள்ளி

ஆபீஸில் ஆயுத பூஜை. சர்வர் அறைக் கதவில் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பொரி கடலை கொடுத்தார்கள். வீட்டுக்குப் பொட்டலம் கொண்டுபோனால் யார் கொடுத்தார்கள் என்ற பேச்சு வரும். அங்கேயே சாப்பிட்டுவிட்டேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஆபீஸிலேயே உட்கார்ந்து கூட்டத்தில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து பேசுவதாகத்தான் தயாளனிடம் ஒத்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தபோது, நான் எழுதிய பகுதியைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். இது என் கம்பெனியின் கருத்து அல்ல, இந்தக் குழுவில் ஆளாளுக்குச் சொந்தக் கருத்து சொல்ல இடம் உண்டு, அப்படித்தான் சொல்கிறேன் என்றேன். பெயர் சொல்லாமல் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு படியாக, எந்த விதியால் எது நடந்தது என்று. மீன் ஆர்டர் செய்தது வரை. தொட்டி உடைத்தது வரை. குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது, செய்தி வாசிக்கிற மாதிரி.

அடேயெமிதான் முதலில் பேசினார். வருத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் என் திருடனை நான் எப்படிப் பிடிப்பேன், பிரபாவதி என்று கேட்டார். எந்த ஐடி யாருடையது என்று பதிவு செய்த கம்பெனி தன்னிடம் வைத்திருக்கட்டும், உங்களைப் போன்றவர்கள் காரணம் காட்டிக் கேட்டால் சரிபார்த்துக் கொடுக்கட்டும் என்றேன். அதற்குள் நாள் ஓடிவிடும், அந்த நாட்களில் எங்கள் ஊரில் கிழவர்கள் சேமிப்பை இழப்பார்கள் என்றார். ஆமாம் என்றேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்பதையும் சொன்னேன்.

கருத்துக் கேட்டார்கள். ஐடியில் பெயர், பெற்றோர் அல்லது கணவர் பெயரெழுத்து, ஊர் எதுவும் வரக்கூடாது என்பது உறுதியானது. அடேயெமியும் அதற்கு ஆதரவு கொடுத்தார். டொமைனுக்கு ஒன்றாக வேறு வேறு ஐடி என்பதற்குப் போதுமான ஆதரவு இல்லை. ‘கட்டாயம்’ என்றிருந்ததை ‘நல்லது’ என்று மாற்றி எழுதினார்கள். நல்லது என்றால் யார் செய்வார்கள்.

கூட்டம் முழுக்கப் போன் அதிர்ந்தபடி இருந்தது. கவிழ்த்து வைத்தேன். இப்போது நிமிர்த்தப் போகிறேன். எழுதுவதை நிறுத்திக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பவேண்டும்.

நவம்பர் 3, வெள்ளி

இரண்டு நாள் லீவு. காய்ச்சல் என்று மெயில் போட்டேன். இன்று முழுக்கை ஜாக்கெட். வெயில்தான், பரவாயில்லை.

எட்வின் சார் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். சத்தம் போடவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார். சொன்னேனே சார் என்றேன். பழைய பில் சிஸ்டத்தைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார். சரி என்றேன்.

மதியம் நசீமாவோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் ஐடியை மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது, யாருக்கும் தெரியாததால் யாரும் கேட்பதில்லை. செல்வராணியிடம் அப்படி ஒரு கடிதம் கேட்டு வாங்கி, அவருக்கு வெறும் எழுத்துகளாகப் புது ஐடி போட்டேன். தையல் டொமைனுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. பிறகு உதவிப் பிரிவில் இருக்கிற பெண்களை நசீமா கூப்பிட்டு, இனி யார் பயந்த குரலில் பேசினாலும் இந்த வழியைச் சொல்லிவிடுங்கள் என்றார்.

உட்காரும்போது முதுகு வலிக்கவேண்டும். வலிக்கவில்லை. யாருடைய முதுகோ மாதிரி இருக்கிறது.

நவம்பர் 8, புதன்

செல்வராணி கூப்பிட்டார். மறுபடி ஊர் மாறிவிட்டாராம். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. குஞ்சு மீன் வாங்கிப் போட்டிருக்கிறார். கை தேறுவதற்கு நாளாகும், ஒரு கையாலேயே பாட்டில் கழுவப் பழகிவிட்டேன் என்றார்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது. அன்னிக்கு நாம பேசறப்ப உங்க போன் அடிச்சிட்டே இருந்துச்சில்ல. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். விட்டு விட்டு அடிக்காது அது. நீங்க நல்லா இருக்கீங்களா?”

நல்லா இருக்கேன் என்றேன்.

“சரிங்க மேடம். நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன்” என்றார்.

போனை வைத்த பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி ஞாயிற்றுக்கிழமை. தயாளன் எடுத்துக்கொடுத்த மயில்கழுத்து நிறப் பட்டு. அவர் தங்கை குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்தார்கள். பிரபா மாதிரி அமைதியான பெண் கிடைக்க அண்ணன் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று அவர் தங்கை சொன்னார். தயாளன் சிரித்துக்கொண்டு என் தோளில் கை வைத்தார். கை எடுக்கும்வரை நான் மூச்சு விடவில்லை என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

ராத்திரி, எல்லோரும் போன பிறகு, வேலையை விட்டுவிடச் சொன்னார். டிசம்பரோடு போதும் என்றார். “உன் நல்லதுக்குத்தான். உனக்கு வெளி உலகம் சரிப்படல.” கோபமே இல்லை. தட்டுகளை அவரே கழுவி வைத்தார்.

சரி என்றேன்.

நவம்பர் 15, புதன்

நசீமாவிடம் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

முடித்ததும் ஒன்றுதான் கேட்டார். “சர்ட்டிபிகேட்லாம் எங்க இருக்கு?” பீரோவில் என்றேன். “ஒவ்வொண்ணா கொண்டு வந்துடுங்க. என் டிராயர்ல வைக்கலாம். எங்க அக்கா மக ஒரு ஊர்ல லேடீஸ் ஹாஸ்டல் நடத்துறா. நான் பேசிக்கிறேன்.”

நவம்பர் 20, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் வழக்கம்போல டிபன் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தயாளன் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமல், “மூணு மணிக்குக் கூப்பிடறேன்” என்றார். ம் என்றேன்.

என் போன் எங்கே இருக்கிறதோ அங்கே நான் இருப்பதாக அவர் போனில் ஒரு புள்ளி காட்டும். கல்யாணமான புதிதில் அவரே போட்டுக் கொடுத்தது. போனை ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை நசீமாவிடம் கொடுத்தேன். புள்ளி சாயங்காலம் வரை பெருங்குடி ஆபீஸிலேயே இருக்கும். மூன்று மணிக்கு அடிக்கும்போது நசீமா எடுத்து, மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்பார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. காலையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்வின் சார் மேசையில் ராஜினாமா வைத்தேன். படித்தார். எதற்கு என்று கேட்கத்தான் வாயெடுத்தார். என் ஜாக்கெட் கையையோ முகத்தையோ எதையோ பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “கணக்கெல்லாம் முடிச்சு ரிலீவிங் லெட்டர் தயார் பண்ணிடறேன். அட்ரஸ் எங்க கம்ப்யூட்டர்ல ஏற வேண்டாம். நசீமாகிட்ட குடுத்துடறேன்” என்றார். பிறகு, “அந்த ஐடி விஷயம், ஜனவரியில மாத்தலாம்னு போர்டுல வைக்கிறேன். நடக்குமான்னு தெரியல” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே வயல், செங்கல் சூளை, யாரோ துணி காயப்போடுகிறார்கள். இப்போது மணி மூன்று தாண்டியிருக்கும். என்னிடம் கடிகாரம் இல்லை.

நவம்பர் 23, வியாழன்

எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. கடல் இல்லாத ஊர்.

ஹாஸ்டல் வார்டன் போனிலிருந்து நசீமாவிடம் பேசினேன். திங்கட்கிழமை ராத்திரி ஏழு மணிக்குத் தயாளன் ஆபீஸுக்கு வந்துவிட்டாராம். டிராயருக்குள் போன் அடிப்பதைக் கேட்டபடி நின்றாராம். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாராம். மறுநாள் போலீஸில் சொல்லியிருக்கிறார். நானே இங்கே ஸ்டேஷனுக்குப் போய், என் விருப்பப்படிதான் வந்தேன், இடத்தைச் சொல்லவேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. இரண்டு முறை படித்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இந்துமதிக்குப் போன் செய்தேன். யார் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். பிறகு, “எங்கக்கா இருக்க?” என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் கை தானாகப் போனை வைக்கப் போனது. சொல்லமுடியவில்லை. அடுத்த முறை சொல்கிறேன் என்றேன். சரிக்கா, நீ கூப்பிட்டதே போதும் என்றாள்.

நவம்பர் 26, ஞாயிறு

பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஒரு பூட்டும் வாங்கவேண்டும் என்று கடைத்தெருவுக்குப் போனேன். வாங்கிவிட்டுத் திரும்பும்போது எந்தச் சந்தில் வந்தேன் என்று தெரியவில்லை. ஒரே மாதிரி வீடுகள். மசூதியைத் தாண்டினேனா, தாண்டவில்லையா? நடந்துகொண்டே இருந்தேன். வெயில் ஏறிவிட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஒரு காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். பயம். இத்தனை நாளும் இதுதான் இருந்திருக்கிறது, அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. அழுகை வந்தது. தெருவில் நின்று, பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமாகவே அழுதேன். மூக்கு ஒழுகியது. முந்தானையால் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

வண்டிக்கார அம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“என்ன கண்ணு, வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?”

“இல்லக்கா. வழி தவறிட்டேன்.”

அவர் என்னையும் கையிலிருந்த பூட்டையும் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை வேறு இரண்டு பேருக்குக் கத்தரிக்காய் நிறுத்துக்கொடுத்தார்.

பிறகு கேட்டார். “எங்க தங்கியிருக்க?”

தெருவின் பெயரை, வீட்டு எண்ணோடு, வாய்விட்டுச் சொன்னேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்.